ஒரே கதவில் இரண்டு தாழ்ப்பாள்

5 ஒக்டோபர், சனி
காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனை தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் கூரை ஒழுகல். வாளி வைத்தது நான்தான்.

சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி. "கண்ணை மூடுங்கள், மெதுவாக இழுங்கள்." எல்லாரும் மூடினார்கள், நிரோஷாவைத் தவிர. பதின்மூன்று வயது. விடிந்தால் வயிற்று வலி, வாரத்தில் பாதி நாள் பாடசாலை இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். எழுந்து, பின்பக்கம் ஜெரோம் பிள்ளைகளோடு காய் சுண்டி விளையாடும் கரம் பலகைக்குப் போய்விட்டாள்.

ஜெரோம் என்னோடு படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்கு. உளவளத்துணை டிப்ளோமா எனக்கு. அவனிடம் இருப்பது ஒரு கரம் பலகை. பிள்ளைகளுக்கு அவன் அங்கிள், நான் சேர்.

8, செவ்வாய்
பல் வலி. கிராம்பு.
நிரோஷாவின் தாய் வந்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் இரவுத் துப்புரவு வேலை. "பள்ளிக்கூடம் போறாளில்ல சேர். நுகேகொடையில ஒரு வீட்டில வேலைக்கு ஆள் கேக்கிறாங்க. அங்க நிண்டா சாப்பாடாவது கிடைக்கும்."
இந்த வயதில் வேலைக்கு விடுவது குற்றம் என்றேன்.
"தெரியும் சேர்."
மாத முடிவு வரை பொறுக்கச் சொன்னேன். "சரி, ஜெரோம் அங்கிளிட்டயும் ஒருக்கா கேட்டுட்டுப் போறேன்."
அவனிடம் எதற்கு?

9, புதன்
ஜெரோமின் அழைப்பு. "மச்சான், அந்தப் பிள்ளை ராவில நித்திரை கொள்றதில்லடா. ஒரே அறை, கதவில தாழ்ப்பாள் இல்ல. தாய் வேலைக்குப் போனா தம்பிக்குக் காவல் இருக்கிறாள். கண்ணை மூடப் பயமாம்."
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"கரம் அடிக்கேக்க சொன்னவள்."
நான் தனியே இருத்தி, முறைப்படி, பக்குவமாகக் கேட்டபோது "ஒண்டுமில்ல சேர்." அவனுக்குக் காய் அடிக்கும் இடைவெளியில் எல்லாம் கிடைக்கிறது. பாடசாலை நாட்களிலும் இப்படித்தான்.

10, வியாழன்
மருதானையில் தாழ்ப்பாள் வாங்கினேன். பித்தளை, நல்ல கனம். பக்கத்து வீட்டில் டிரில் இரவல். நேரே நிரோஷா வீடு.
அங்கே ஜெரோம்! வாயில் ஸ்குரூ ஆணி, கையில் திருகி. கதவின் கீழ்ப்பக்கம் அவனுடைய தாழ்ப்பாள் ஏறிவிட்டது. தகரம்.
"அட, நீயும் கொண்டு வந்தியா? மேல பூட்டு மச்சான்."
என்னுடையதை மேல்பக்கம் பூட்டினேன். நிரோஷா டோர்ச் பிடித்தாள். எதை முதலில் போடுவாய் என்று கேட்டுவிட்டேன்.
"ரெண்டையும் சேர்."
ஜெரோமுக்குச் சிரிப்பு.

12, சனி
வெயில். வாளி தேவைப்படவில்லை.
பயிற்சி. கண்ணை மூட விருப்பமில்லாதவர்கள் சுவரைப் பார்க்கலாம் என்றேன். நிரோஷா தானாகவே மூடினாள். கொஞ்ச நேரத்தில் தலை சரிந்தது. வாய் திறந்தபடி நித்திரை. பிள்ளைகள் சிரித்தார்கள்.
ஜெரோம் பின்னாலிருந்து: "உன்ட வகுப்பில நித்திரை வரும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்டா."
சத்தம் போடாதே என்றேன். அவள் எழும்பும்வரை கரம் கிடையாது என்றும்.
அவனுடைய பலகையடியில் இன்றுவரை ஒரு பிள்ளை தூங்கியதில்லை.