நீ படிக்காமல் விட்ட வரி

பொதட்டூர்பேட்டை
20.11.2005

அன்புள்ள தங்கை ஸ்வர்ணாவுக்கு,

அக்கா புவனா எழுதுவது. ஓசூரில் நீயும் கங்காதரனும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மூன்று நாளாக மழை. தறி ஓடும் அறையில் ஒரு மூலை ஒழுகுகிறது. மகள் சுப்ரஜா அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

போனில் பேசினால் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் உனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

என் வீட்டுக்காரருக்கு, உன் பாவாவுக்கு, இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். விடியற்காலை பஸ்ஸில் திருத்தணி போய், அங்கிருந்து ரயிலில் சென்னை. திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறார். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து கொடுக்கிறேன். கோபத்தில் ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டார். பிறகு அவரே குனிந்து தரையைத் துடைத்தார்.

போன சித்திரையில் நீ அந்தப் பாட்டில்களோடு வந்தாய். இருபது வகைப் பழம், காய்களைப் பிழிந்து கெட்டியாக்கிய சாறு, காலையில் இரண்டு மூடி, மாலையில் இரண்டு மூடி என்றாய். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம், இளநீரும் வாழைப்பழமும்கூடக் கூடாது, கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். இது அவருக்கு ஆகுமா என்று நான் கேட்டேன். "அட போக்கா, பழமும் காயும்தானே! இதுல இன்னா கெடுதல் வந்துடப் போவுது?" என்றாய்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், நீ பி.காம். பாட்டிலில் இருப்பதைப் படித்துச் சொல் என்று உன் கையில் கொடுத்தேன். இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துத் தமிழில் சொன்னாய். மாதுளை, கேரட், பீட்ரூட், நெல்லி. நான் அடுப்பை அணைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு மாதத்தில் முகம் தெளிந்திருக்கிறது என்று அவரே சொன்னார். நீ போனில், "இனிமே அந்த மாத்திரைய வேற எதுக்கு முழுங்கிகினு இருக்கீங்க பாவா?" என்று கேட்டிருக்கிறாய். மாத்திரையை நிறுத்தியதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஆடி மாதம் தறி முன்னால் எழுந்தவர் கால் மடங்கி விழுந்தார். "கால் என்னுது மாதிரியே இல்ல புவனா" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நாடி தாறுமாறாகிவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது என்றார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். சிறுநீரகம் என்றாவது ஒரு நாள் கைவிட்டிருக்கும், ஆனால் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும் என்றார். நான் கொண்டுபோன பாட்டிலைத் திருப்பி அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்று இருக்கிறதாம். அதற்கு மேலே இருந்த வரி வரைக்கும் நீ படித்தாய், ஸ்வர்ணா. உன் விரல் அங்கே வந்து நின்றதை நான் பார்த்தேன். படித்து முடித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

இதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். போன வாரம் கே.ஜி.கண்டிகையிலிருந்து துளசிங்கம் என்று ஒருவர் வந்தார். கையில், அந்தச் சாற்றை விற்க நீங்கள் போடும் கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸ். அதில் உன் பாவாவின் படம். சுப்ரஜாவின் மஞ்சள் நீராட்டில் நீ எடுத்தது. கீழே, 'என் சிறுநீரகம் குணமாகிவிட்டது, மருந்தை விட்டுவிட்டேன்' என்று அவர் சொன்னதுபோல் அச்சடித்திருந்தது. துளசிங்கத்தின் மனைவிக்கும் அதே நோய். "அண்ணனைப் பார்த்துக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்னு வந்தேங்க" என்றார்.

உன் பாவா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். கழுத்தில் டயாலிசிஸுக்குப் போட்ட குழாய், மேலே கட்டு. நோட்டீஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சி என்னுதுதாங்க. பேச்சு என்னுது இல்ல. வீட்டம்மாவுக்கு டாக்டர் சொல்றதையே குடுங்க" என்றார். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டு, போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்.

உன்மேல் உன் பாவா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அது புள்ள, அதுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்கிறார். உன்னைத் தூக்கி வளர்த்த எனக்குத்தான் அப்படிச் சொல்ல வரவில்லை. அந்த நோட்டீஸ் எந்த ஊரில், யார் வீட்டில் இருந்தாலும் நீயே போய்த் திரும்ப வாங்கு. இது பொய் என்று உன் வாயால் சொல். இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை.

என்னையும் பரிசோதித்தார்கள். என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது. தை மாதம் இரண்டு பேருக்கும் ஆபரேஷன். உன் பாவா வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை, நான் கேட்கவில்லை. மூன்று வாரமாவது சென்னையில் இருக்க வேண்டியிருக்கும். சுப்ரஜாவுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்ப ஒரு ஆள் வேண்டும். தெருவில் நாலு பேர் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நான் இன்னும் யாரிடமும் சரி என்று சொல்லவில்லை.

நீயும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
புவனா