அம்மனாகிவிட்ட என் சைக்கிளை மீட்டுத் தருவது தொடர்பாக

அனுப்புநர்
திருமதி சா. திரிபுரசுந்தரி,
தமிழாசிரியை,
ஆசிரியர் காலனி, இரண்டாவது தெரு,
செம்பாக்கம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
தாம்பரம்.

பொருள்: ஏரிக்கரைப் புறம்போக்கு – வேப்பமரத்தடி – எனது சைக்கிள் பொதுமக்களால் அம்மனாக வழிபடப்படுவது – திரும்பப் பெற வேண்டுதல் – சார்பாக.

பார்வை: கிராம நிர்வாக அலுவலரிடம் நான் நேரில் சொன்னதும், "இத எழுத்துல குடுத்துடுங்க டீச்சர், வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்று அவர் சொன்னதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். "விண்ணப்பம் வரைக" என்ற வினாவுக்குப் பல ஆண்டுகளாக மதிப்பெண் போட்டு வருகிறேன். மாணவர்கள் தெருவிளக்கு கேட்பார்கள், குடிநீர் கேட்பார்கள். அம்மனிடமிருந்து சைக்கிளை மீட்பதற்கான மாதிரி எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை. ஆகவே நடையில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. கடந்த பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. இதுவரை அம்மை வராதவரான என் கணவர் சாம்பசிவன், மகளை அழைத்துக்கொண்டு நங்கநல்லூரில் தம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் வாசலில் வேப்பிலைக் கொத்தை அவரே கட்டினார். முடிச்சு பலமாகவே இருந்தது. எதிர்வீட்டார் ரசம் சாதத்தை மதில்மேல் வைத்துவிட்டு ஓடுவார்கள். இதில் எனக்குக் குறை இல்லை. ஒட்டுகிற நோய்க்கு அப்படித்தான் செய்ய வேண்டும்.

2. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்து, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் காலனி என்னை விடுதலை செய்யவில்லை. நலச்சங்கச் செயலாளர் திரு. பட்டாபிராமன் கேட்டுக்கு அப்பால் நின்றபடி, "ஒரு மண்டலம் போகட்டுமே மேடம், எதுக்கு ரிஸ்க்?" என்றார். அதே கருத்தை என் கணவர் நங்கநல்லூரிலிருந்து இன்லண்டு கடிதத்தில் எழுதினார். பள்ளியும் கோடை விடுமுறையில் இருந்தது. பேச ஆள் இல்லாமல் முதலில் அழுதேன். பிறகு அதுவும் சலித்துவிட்டது.

3. எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. பள்ளிக்குப் போய்வர நான் என் சம்பளத்தில் வாங்கியது. "டீச்சர் சைக்கிளில் போனால் நன்றாயிருக்காது" என்று வீட்டிலும் தெருவிலும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியதால், அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தோம். ஒரு விடியற்காலையில் பேப்பரை இறக்கி, காற்றடித்து, கிளம்பிவிட்டேன். வழியில் காலனிக்காரர் யாரும் கிட்டே வந்த பிறகு பதறக் கூடாதே, தூரத்திலேயே பார்த்து ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று, வாசல் வேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்து ஹேண்டில் பாரில் கட்டிக்கொண்டேன். பின்னால் நடந்த அனைத்துக்கும் அந்தக் கொத்தே காரணம்.

4. அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் இடம்பெறத் தக்கதல்ல என்றாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். ஐயா, நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். தினமும் ஏரிக்கரையோடு போய், மாடம்பாக்கம் கோயில் மதிலைச் சுற்றிக்கொண்டு திரும்புவேன். கரை இறங்குகிற சரிவில் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுவேன். இலக்கணச் சூத்திரங்களை ராகம் போட்டு உரக்கப் பாடினேன். ஏரியில் நின்ற நாரைகள் ஆட்சேபிக்கவில்லை. முக்கியமாக, "எங்கே டீச்சர், தனியாவா? சார் வரலையா?" என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியைத் தாண்டாமல் நான் தெருமுனையைத் தாண்டியதில்லை. என்னைக் கண்டால் எல்லாரும் விலகிப்போன அந்த நாட்களில்தான் எனக்கு முழு வழியும் கிடைத்தது.

5. ஏரியை ஒட்டி வாழும் ஊர்க்காரர்கள் என்னைக் கண்டதும் கைகூப்பி ஒதுங்குவார்கள். தமிழாசிரியைக்கு இவ்வளவு மரியாதையா என்று அகமகிழ்ந்தேன். மஞ்சள் புடவையும், முகத்தில் முத்துத் தழும்பும், முன்னால் வேப்பிலையுமாக வருகிறவளை அவர்கள் வேறொருத்தியாகக் கண்டார்கள் என்பது பிறகே விளங்கிற்று. ஒருநாள் அவ்வூர்த் திருமதி கங்கையம்மாள் வண்டியை மறித்து, "மழ எப்பம்மா வரும்? கெணறெல்லாம் காஞ்சிப்போய் கீதும்மா" என்று கேட்டார். நான் சரிவில் இறங்கும் அவசரத்தில், "வரும், வரும், வழிவிடுங்கள்" என்றேன். அன்று மாலையே கோடை மழை கொட்டித் தீர்த்தது. மேற்படி மழைக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

6. மறுநாள் காலை கரையில் உள்ள வேப்பமரத்தடியில் வண்டி பஞ்சர் ஆயிற்று. பூட்டிவிட்டு, சாவியோடு நடந்துபோய், பஞ்சர் ஒட்டுபவரை அழைத்து வந்தேன். அதற்குள் என் சைக்கிள் மஞ்சள், குங்குமம், சிவப்புப் பாவாடை, மாலை சகிதம் குடையின் கீழ் எழுந்தருளியிருந்தது. நான் டீச்சர், வண்டி என்னுடையது என்றதும், கங்கையம்மாளின் கணவர் திரு. ஜெயவேலு விவரம் சொன்னார்: "ஓரமா தள்ளி வெக்கலாம்னு பாத்தோம் டீச்சர். அசையவே இல்ல. அம்மா இங்கியே குந்திகினா." பூட்டிய சைக்கிள் நகராது என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணில் நீர் வழியக் கங்கையம்மாள் நின்ற நிலையைப் பார்த்து மூடிக்கொண்டேன். பஞ்சர் ஒட்ட வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், பஞ்சர் ஒட்டவில்லை.

7. இப்போது அங்கே கீற்றுக்கொட்டகையும் உண்டியலும் உள்ளன. வெள்ளிக்கிழமை தீபாராதனைக்கு என் சைக்கிள் பெல்லையே அடிக்கிறார்கள். திரு. ஜெயவேலு நல்ல மனிதர். "புது வண்டியே வாங்கித் தரேன், பேஜார் பண்ணாதீங்க டீச்சர்" என்கிறார். ஆனால் மண்டலம் முடிந்து என் கணவர் திரும்பிவிட்டார். அவர் ஏரிக்கரைக்குப் போய், சைக்கிளைப் பக்தியோடு வலம் வந்து, நெற்றி நிறைய விபூதியுடன் வீடு திரும்பி, "இனிமே உனக்கு எதுக்கு சைக்கிள்? நானே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன்" என்றார். ஆகவே புது வண்டி வந்தாலும், அது நிற்கப்போவது மாடிப்படிக்குக் கீழேதான். திரு. பட்டாபிராமனும் குணமாகிவிட்டார், நேற்று நான் கேட்டைத் திறந்ததும், "எங்கே மேடம், தனியாவா?" என்று அன்போடு விசாரித்தார். ஏரிக்கரைக்குப் போனாலோ காலில் விழுகிறார்கள்.

8. கரை அரசுப் புறம்போக்கு என்பதால், ஆக்கிரமிப்பு என்று கொட்டகையையே பிரித்துவிடலாம் எனக் கிராம நிர்வாக அலுவலர் யோசனை கூறினார். அதை நான் கோரவில்லை. கங்கையம்மாளின் அம்மன் அங்கேயே இருக்கட்டும். சைக்கிளுக்குப் பதிலாக ஒரு சூலத்தை அங்கே நட்டு, வண்டியை மட்டும் மரியாதையாக எடுத்துத் தர அவர்களிடம் தாங்கள் பக்குவமாகப் பேச வேண்டுகிறேன். அம்மனாக இருந்த வண்டிமேல் பழைய பேப்பர் அடுக்க எங்கள் வீட்டில் யாரும் துணிய மாட்டார்கள்.

9. அது இயலாதெனில் வண்டி போகட்டும், வேறொன்று கேட்கிறேன். வேப்பிலை கட்டிப் போனால் நான் அம்மன். கட்டாமல் போனால், "எங்கே, தனியாவா?" இந்த இரண்டுக்கும் நடுவே, சாதாரணப் பெண் ஒருத்தி சைக்கிளில் தனியாகப் போய்வரும் அளவுக்கு இந்தத் தாலுகாவில் இடம் உண்டா என்று அளந்து பார்த்து, உண்டென்றால் அதை எனக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டா வேண்டாம். காலை வேளையில் கொஞ்ச நேரம் அனுபவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அம்மை இறங்கி நலமாக உள்ள,
சா. திரிபுரசுந்தரி

இடம்: செம்பாக்கம்
நாள்: 7.6.1993

இணைப்பு: சைக்கிள் வாங்கிய ரசீதின் நகல், டாக்டர் சான்றிதழின் நகல்.
(பூட்டின் சாவியை இணைக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.)