நீங்க என்று சொல்லிவிட்டு வெட்ட முடியுமா?

என் மலரக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் லேப்டாப்பை நேற்றுத்தான் திறந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளே போயிட்டா, அந்த வெளாட்டு மட்டும் இங்கன எதுக்குடி? மூடி வையி" என்றாள். நான் மூடவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோது, அடுத்து விளையாட இரண்டு கதை விளையாட்டுகளை நீ குறித்து வைத்திருந்தாய். எதை எடுப்பது என்று நாம் பேசி முடிக்கவில்லை. இப்போது நான் ஒருத்தியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நாம் கடைசியாக விளையாடியதில் வந்த அந்த நரைத்தாடித் தளபதி நினைவிருக்கிறாரா? இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே 'யூ'தான். திரையில் வரும் பேச்சை நீ தமிழாக்கி வாசிக்கும்போது, புது ஆள் வந்தாலே நீயா நீங்களா என்று நமக்குள் சண்டை வரும். "அவுகளுக்குப் பெரியப்பா வயசு இருக்கும்டி" என்று எதிரிக்குப் போய் 'நீங்க' போட்டாய். அவரை வெட்ட வேண்டிய இடம் வந்ததும் கை வரவில்லை. "நீங்கன்னு சொல்லிட்டு எப்படிடி வெட்டுறது?" என்றாய். விட்டுவிட்டோம். அவர் திரும்பி வந்து நம் கோட்டையை எரித்தார்.

அதனால், அப்படி நம்மைச் சண்டை போட வைப்பது எது என்று பார்க்க, இரண்டிலும் தொடக்கத்தை மட்டும் விளையாடிப் பார்த்தேன். முதலாவதில் எவரும் இரண்டு வரிக்கு மேல் பேசுவதில்லை. எல்லாருக்கும் 'நீ' போதும். இரண்டாவதில் ஒரு படகுக்காரி, எங்கே போகிறாய் என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன போடுவது என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதே தெரிந்துவிட்டது, இதுதான் என்று.

ஆனால் நாம் என்ன பதில் சொன்னாலும், கூட வருகிற அந்தப் படகுக்காரி பாதி வழியில் செத்துப்போவாளாம். விளையாடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். உனக்கு இது தெரியுமா? தெரிந்துதான் குறித்தாயா?

பெரியப்பா மகன் முத்தண்ணன் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தவர், விஷயம் கேட்டுவிட்டுத் தணிவாகச் சொன்னார்: "யாரும் சாகாத வெளாட்டாப் பாத்து எடு பாப்பா."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா, சாவு இருக்கிறது என்பதற்காக நான் ஏன் நல்ல கதையை விட வேண்டும்? நீ வாசிக்க நினைத்ததை எல்லாம் உன்னோடு சேர்த்து அனுப்பிவிட எனக்குச் சம்மதம் இல்லை.

அவள் சாகிற இடத்தில் நிறுத்த மாட்டேன். அதற்கு மேலும் பாதிக் கதை இருக்கிறதாம். அந்தப் பாதியையும் விளையாடுவேன். கதவைத் திறந்து வைத்து, அடுப்படியில் நிற்கும் அம்மாவின் காதில் விழும்படி, ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிப்பேன்.

உன்னோடு இன்னும் மல்லுக்கு நிற்கும் தங்கச்சி,
கவிதா
கம்பம்