ஓபின்னா ஊருக்குப் போனான்

வோபர்ன், ஸ்காபரோ
நவம்பர் 16

அன்புத் தம்பி றிச்சர்ட்டுக்கு,

நீயும் அன்ரனெற்றும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மருதமடு அன்னையிடம் மன்றாடியபடி அக்கா எழுதுவது. மார்ச்சுக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முதியோர் இல்லத்து வேலை வழமைபோலப் போகிறது. இன்று வேலை முடிந்து வந்தால் வீட்டில் சத்தமில்லை. எங்கள் பேஸ்மென்டில் இரண்டு வருடம் இருந்த நைஜீரியப் பொடியன் ஓபின்னா நேற்றுத்தான் போனான்.

அவன் இங்குள்ள ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் முன்கள ஆட்டக்காரன். முப்பத்தொரு வயது. பத்தொன்பதில் எனுகு என்ற தன் ஊரிலிருந்து வெளிக்கிட்டு பின்லாந்து, மால்ற்றா என்று ஆடிக் கடைசியில் ரொறன்ரோ வந்தவன். எங்கும் ஒரு வருட, இரண்டு வருட ஒப்பந்தம்தான். பந்தென்றால் உனக்குச் சோறும் வேண்டாமே. அவன் இடக்காலால் பந்தை அடக்குவதைப் பார்த்திருந்தால் மைதானத்தை விட்டு வீட்டுக்கு வந்திருக்கமாட்டாய்.

ஜூலையில் அவனுடைய தகப்பன் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்வரப் பயிற்சியாளர் ஒரு கிழமை விடுப்புக் கொடுத்தார். இவன் போகவில்லை. அடுத்த வருட ஒப்பந்தம் முடிவாகாத நேரம். புதிதாக வந்தவன் தன் இடத்தில் ஆடி நிலைத்துவிடுவான் என்று பயம். அடக்கம் நடந்த சனிக்கிழமை கையில் கறுப்புப் பட்டியோடு இறங்கி இரண்டு கோல் போட்டான். சனமெல்லாம் எழும்பி நின்றதாம்.

அன்று பின்னேரம் மீன் குழம்போடு கீழே போனேன். உடுப்பும் மாற்றாமல் படியில் இருந்தான்.

"எல்லாரும் கைதட்டினார்கள் அன்ரி. அப்பாவின் பெட்டியைத் தூக்கத்தான் நான் இல்லை" என்றான்.

குழம்புக் கோப்பையை அவனருகே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஒக்டோபரில் கழகம் அவனை வேண்டாமென்றது. மூன்று வரி மின்னஞ்சல். பிறகு மலேசியாவில் ஒரு கழகம் உடனே வரச்சொல்லிக் கேட்டது. ஊருக்குப் போய் நத்தார்ப் பண்டிகை முடிந்துதான் வருவேன், காத்திருக்க முடியாதென்றால் விடுங்கள் என்று சொல்லிவிட்டான். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வராததற்குத் தாய் ஏசுவா என்று பயந்து இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தான். அவ சொன்னது இவ்வளவுதானாம்: உன் மெத்தையை வெயிலில் போடுகிறேன், வா.

நேற்று விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியில், உங்கள் அம்மாவின் அடக்கத்துக்கு நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டான். உனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

றிச்சர்ட், மார்ச்சில் லீவு தரவில்லை என்று சொன்னேனே, அது பொய். நான் கேட்கவேயில்லை. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கேட்டால் தட்டிப்போகும் என்று பயந்தேன். வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஜனவரி பன்னிரண்டாம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். நீ அங்கே வரவேண்டாம்; பஸ் எடுத்து மன்னாருக்கு வந்துவிடுவேன். ஆனால் அம்மாவை அடக்கம் செய்த சேமக்காலைக்குத் தனியே போக எனக்குத் தைரியமில்லை. கேற்றடி மட்டுமென்றாலும் கூட வா. உள்ளே போய் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் தன் கைக்குள் வைத்திருப்பாராக.

உன் அக்கா,
ஜோசப்பின்