நகரி மலையைச் சேலையில் நெய்தவள்

அக்கா,

தறியில் ஏற்றப்போகும் புதுப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்திருக்கிறோம். வாசல் வரைக்கும் அந்தப் புளித்த சோற்று வாசம். மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் சண்டைதான் வரும் என்பார்கள். நாமோ இரண்டு தறிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தோம். தெருவில் ஓடிய பவர்லூம் இரைச்சலில் நாம் சண்டை போட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

எல்லோரும் சேலைக் கரையில் கோபுரம் நெய்தபோது, நீ நம் நகரி மலையின் மூக்குப் போல் நீண்ட உச்சியை வைத்தாய். மூக்கு வளைவில் ஓர் இழை தப்பியதற்காக ஒரு முழத்தைப் பிரித்துப் போட்டாய். நான் பதறினேன். "மலை கோணலா நின்னா நம்ம ஊர்க்காரங்க சும்மா உடுவாங்களா?" என்று சிரித்தாய்.

திருப்பதிக் கைத்தறிக் கண்காட்சியில் ஒரு டீச்சரம்மா அந்தச் சேலையை எடுத்து, மிஷினில் நெய்ததா என்று தெலுங்கில் கேட்டார். துணி சுருங்காமல் பிடிக்கும் ஊசிகள் ஓரத்தில் விட்ட பொடித் துளைகளைக் காட்டினாய். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் சேலையில் கட்டியிருந்த சீட்டில் உன் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. நெசவாளர் கார்டு அவர் பேரில் இருப்பதால் அப்படித்தான் எழுதுவோம் என்றார் கடைப் பொறுப்பாளர். நீ சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"நெய்ஞ்சது நானு சார். எம்பேரு போட்டாதான் குடுப்பேன்."

பின்னால் டீயோடு வந்து நின்ற உன் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "அவ சொல்றது நெஜம் சார். பாவு போட்டுக் குடுத்தது மட்டுந்தான் நானு."

சீட்டு மாறியது. டீச்சரம்மா உன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் சேலையை வாங்கிப்போனார். பஸ்ஸில் புத்தூர் வரும்வரை நாம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தோம். பேசினால் அழுதிருப்போம்.

நோய் உன்னைக் கொண்டுபோய் மூன்று வருஷம் ஆகிறது. நீ சேலையில் வைத்த அந்த மலைக் கரை இப்போது நாராயணவனம் வரை ஆறு தறிகளில் ஓடுகிறது. ஆறும் பெண்கள். சீட்டில் அவரவர் பெயர்.

போன வாரம் என் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனேன். தெலுங்குப் படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில், வழக்கம்போல இல்லத்தரசி என்று எழுதப் பேனாவை எடுத்தாள். நான் அதை வாங்கி, எனக்குத் தெரிந்த தெலுங்கில், கட்டம் கொள்ளாத பெரிய எழுத்தில் நெசவாளி என்று எழுதினேன்.