காட்டுத்தீ அணைக்கப் போன ஒந்திரேவுக்கு

மொன்டானா, ஆகஸ்ட் 1910

அன்பு மகன் ஒந்திரேவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். இங்கே நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். வெயில் காலத்தில் யாருக்கும் கரி வேண்டாம், சுரங்கத்தில் பாதி வேலைதான், அதற்காக ஐடஹோ மலைக்குப் போய் எரிகிற காட்டை அணைக்க வேண்டுமா என்று நீ கிளம்பும்போது திட்டியது போதவில்லை, இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். புகை இங்கேயும் வந்துவிட்டது, கொடியில் போட்ட துணியெல்லாம் சாம்பல், கரிச் சட்டை துவைத்தே கை தேய்ந்தவளுக்கு அது பெரிதில்லை, ஆனால் நீ இருக்கிற பக்கமிருந்து வருகிறது என்று நினைத்தால் ஒரு வேலையும் ஓடவில்லை. முட்டைக்கோஸ் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், நம் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிற ஆட்கள் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். வாத்துகள் கொழுத்துவிட்டன, நீ வந்தால்தான் அறுப்பேன்.

உன்னோடு கிளம்பி வேறு மலைக்கு அனுப்பப்பட்ட யூரோ முந்தாநாள் திரும்பி வந்தான், இரண்டு கையிலும் கட்டு. தீ திரும்பி வளைத்துக்கொண்டதாம், எல்லோரும் ஓடையில் குப்புறப் படுங்கள் என்று தலைவன் கத்தினானாம், பக்கத்து வீட்டு மிக்குலாஷ் மட்டும் படுக்கவில்லையாம். "அத்தே, காலைப் புடிச்சு இழுத்தேன், படுத்தா எந்திரிக்க மாட்டோம்டான்னு என்னையே தூக்கப் பாத்தான், பொகை அடைச்சு என் மேலயே சாஞ்சுட்டான்" என்று சொல்லி அழுதான். அதோடு மிக்குலாஷ் போய்விட்டான். பயந்து எழுந்தவன் இல்லை அவன். சுரங்கத்தில் கெட்ட காற்று தரையோடு தேங்கும், தலை சுற்றினாலும் உட்காராதே, படுக்காதே, நடந்துகொண்டே இரு என்று அவனுக்கும் உனக்கும் சொல்லிக் கொடுத்தது உன் அப்பாதானே. அங்கே அது சரி, அப்படிப் பிழைத்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். காட்டில் தலைகீழாம், புகை மேலே போகுமாம், தரையோடு முகத்தை வைத்தால்தான் மூச்சு விட முடியுமாம்.

அப்பா அதைக் கேட்டு எழுந்து போனவர்தான், சாப்பிடவில்லை, முற்றத்தில் நடந்துகொண்டே இருக்கிறார், எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. சற்று முன் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "படுத்துக்கச் சொல்லு. நீ சொன்னதா எழுதாத, அம்மா பயந்து ஒளர்றான்னு சிரிப்பான். நான் சொன்னேன்னு எழுது" என்றார். உன்னை நிற்கவைத்து வளர்த்த மனுஷன் அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகாமுக்கு மூட்டை ஏற்றிப் போகிற கோவேறு கழுதைக்காரர்களிடம் இதைச் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது, துணியை நனைத்துக் கழுத்திலேயே வைத்துக்கொள், ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
சூசனா

கீழே இருக்கிற சிலுவைக் குறி, எழுதத் தெரியாத அப்பா கையெழுத்தாகத் தன் கையால் போட்டது. பேனாவை என்னிடமிருந்து பிடுங்கி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறார். அம்மா பேச்சைக் கேட்காவிட்டால் போகிறது, அவர் பேச்சைக் கேட்டுப் படுத்துக்கொள்.

✗