குவியல் குறைந்த மாதங்கள்

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கம் தருவதையும் மறைக்க மாட்டேன். நீங்கள் செய்து தந்த தகட்டுப் புத்தகத் தாங்கி மறுபடியும் என் மேசையில் நிற்கிறது. அதன் அடியில் உங்கள் சாக்பீஸ் எழுத்து மங்கலாக இருக்கிறது: ஒன்பதுக்கு ஏழு. அழிந்துவிடுமோ என்று அதைத் தொடுவதில்லை.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், தகடு வெட்டும் பகுதிக்கு மேஸ்திரி ஆனதும் நீங்கள் செய்த முதல் வேலை சுவரோரம் ஓர் அடுக்கு அமைத்தது. வெட்டியபின் மிஞ்சும் துண்டை யாரும் கழிவுக் குவியலில் வீசக்கூடாது. அளவை அங்குலத்தில் அதன் மேல் சாக்பீஸால் எழுதி அடுக்கில் நிறுத்த வேண்டும். புதுத் தகட்டைத் தொடுமுன் அடுக்கைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை விளக்குகளையும் நீங்களே போய் அணைப்பீர்கள். "ஆளில்லாத எடத்துல எரியறதும் குப்பைதான் சாமி" என்பீர்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை உங்களுக்குத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். பழைய இரும்பு எடுக்க வாரம்தோறும் வரும் வண்டிக்காரர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் நின்றேன். கேட்பதற்காகவே நின்றேன்.

"முன்னெல்லாம் வண்டி நெறைய ஏத்துவனுங்க. இந்த மேஸ்திரி வந்த பொறவு பாதிகூட இல்லீங்க. மிச்சம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துக்கங்க."

அடுத்த வாரத்திலிருந்து வாசல் காவலாளி உங்கள் பையைச் சோதித்தார். "எட்டடித் தகட்டைத் தூக்குப்போசிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கனான்னு பாக்கறாங்க" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன். குவியல் குறைந்தால் இரும்பு எங்கோ போயிருக்க வேண்டும் அல்லவா? என் மேசையில் நிற்பதும் பட்டறைத் தகடுதானே? நீங்கள் குளிக்கப் போனபோது உங்கள் பையைத் துழாவினேன். அளவு நாடாவும் சாக்பீஸ் துணுக்குகளும் மட்டுமே இருந்தன. அப்போதும் நம்பவில்லை. தாங்கியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மறுநாள் புத்தகங்கள் சரிந்து கிடந்தன. நீங்கள் மேசையைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "படி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனீர்கள். நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

போன வாரம் அம்மாவும் நானும் உங்கள் சாமான்களை எடுத்துவரப் பட்டறைக்குப் போனோம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தாங்கியையும் பையில் வைத்திருந்தேன். பக்கத்துக் கொட்டகை காலியாக இருந்தும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் உயரத்துக்கு நின்ற கழிவுக் குவியலைக் காட்டி, "இப்பப் பழையபடி சேருதுங்க" என்றார். அவர் சொல்லாமல் விட்டது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் குவியலையே பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒருவர் புத்தம்புதுத் தகட்டின் நடுவில் ஒரு துண்டு வெட்டக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன அளவு வேண்டும் என்று கேட்டேன். பதினெட்டுக்குப் பன்னிரண்டு என்றார். உங்கள் அடுக்கு தூசி படிந்து கிடந்தது. மூன்றாவது தட்டில், உங்கள் எழுத்தில், பதினெட்டுக்குப் பன்னிரண்டு நின்றது. உருவி எடுத்தேன். ஓரம் விரலைக் கீறியது. முதலாளி முன் கொண்டுபோய் வைத்தேன்.

"கழிவு கொறஞ்சா களவு போச்சுன்னுதான் அர்த்தமுங்களா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். முதலாளி வெட்டுபவரிடம் அளவு நாடாவை வாங்கித் தானே அளந்தார். அவரும் என்னைப் போலத்தான், எழுதியிருப்பதை நம்பவில்லை. அளவு சரியாக இருந்தது. குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெட்டுபவரிடம், "மொதல்ல அந்த அடுக்கப் பாரப்பா. அப்பறம் புதுசத் தொடு" என்றார்.

தாங்கியை நீட்டி, இதுவும் இங்கிருந்து வந்த தகடுதான் என்றேன். கவிழ்த்து, அடியில் இருந்த எண்களைப் படித்தார். "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ சாமி." முன்பே உங்களுக்குக் கொடுத்ததா, அன்றுதான் எனக்குக் கொடுத்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

அதனால், நீங்கள் கேட்டுத்தான் எடுத்தீர்களா என்பது எனக்கு இன்னும் தெரியாது. அதை உங்களிடமே கேட்டிருக்கலாம். கட்டிலுக்கு அடியில் தள்ளியது நான்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. புத்தகங்களை நிறுத்தும்போதெல்லாம் அந்தக் காலையில் நீங்கள் பார்த்த பார்வை வருகிறது.

அன்று பட்டறை வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தக் காலிக் கொட்டகையில் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.